சில்லறை

முதுநகர் ஐஸ் கம்பெனிக்குப் பின்னால்
கலியவரதன் ஜிம்மில்
நூற்றுப் பத்து கிலோவைத் தோளில் வாங்கி
நாலு எண்ணி இறங்குவேன்.
அடியில் ஒரு மூச்சு.
நாலு எண்ணி எழுவேன்.
சுவருக்கு அந்தப் பக்கம்
பனிக்கட்டி நொறுக்கும் இயந்திரம்
எனக்குத் தாளம் போடுவதாக நினைத்துக்கொள்வேன்.
அது மத்தி மீனுக்காக நொறுக்குகிறது.

இரண்டு வருடம்.
தொடைக்கு மேல் ஏறாத மூன்று ஜீன்ஸ்
தங்கைக்குப் போயின.
நீளம் தாண்டுதலில் மட்டும்
அன்றும் ஐந்து முப்பத்திரண்டு
இன்றும் ஐந்து முப்பத்திரண்டு.

எப்சிபா அறுபது கிலோவுக்கே முகம் சுளிப்பாள்.
மஞ்சக்குப்பம் மைதானத்து மணலில்
அவள் குதிகால் பதிந்த குழி
என்னுடையதற்கு ஒரு முழம் அப்பால்.
யாரும் எதுவும் சொன்னதில்லை.
மணல் சமன் செய்யும் பையன்
என் குழியை முதலில் மூடுவான், அவ்வளவுதான்.

ஒரு சாயங்காலம்
அவள் செல்போனைப் பலகைக்கு எதிரே
செருப்பில் சாய்த்து வைத்து
இருவரும் ஓடி வந்து தாண்டினோம்.
வினாடிக்கு இருநூற்று நாற்பது படம்.
ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினோம்.
அவள் பாதம் பலகையில் இருபத்தெட்டுப் படம்.
என் பாதம் முப்பத்தாறு.
எட்டுப் படம்
நான் அங்கே என்ன செய்துகொண்டிருந்தேன்?

இலவச பஸ்ஸை விட்டுவிட்டு
பிரைவேட்டில் ஏறிய நாள் ஞாபகம் வந்தது.
கையில் ஐந்நூறு ரூபாய்.
'சில்லறை இல்லேன்னா எறங்கிக்கம்மா.'
பணம் இருந்தது.
சலவை நோட்டு, கிழிசல் இல்லை.
கெடிலம் பாலத்துக்கு இந்தப் பக்கமே
இறக்கி விட்டார்கள்.

பலகையும் அப்படித்தான் கேட்கிறது.
வினாடியில் எட்டில் ஒரு பங்குக்குள்
எடுத்து நீட்ட முடிந்தது எவ்வளவோ
அவ்வளவுதான் என் பலம்.
மிச்சமெல்லாம்
தொடைக்குள் மடித்து வைத்த நோட்டு.

பாரத்தைப் பாதியாகக் குறைத்தேன்.
'டைபாய்டா?' என்றார் கலியவரதன்.
இறங்குவது நிதானம்.
எழும்போது மட்டும்
நாய் துரத்துவதுபோல.
குதிகால் தரையை விடும்,
தோளிலிருந்து பார் துள்ளும்,
தட்டுகள் மோதும் சத்தத்தில்
ஐஸ் கம்பெனி ஆள் ஒருவர்
ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

நாலாவது முறை வேகம் தளர்ந்தால்
ஐந்தாவது கிடையாது. வைத்துவிட வேண்டும்.
அதுதான் கஷ்டமாக இருந்தது.
வேர்வை காயும் முன்பே
கால் நடுங்காமல்
படி இறங்கி வீட்டுக்குப் போவது
எதையோ திருடிக்கொண்டு போவதுபோல்.

வெள்ளிக்கிழமை மட்டும் நூறு கிலோ.
அது துள்ளாது.
எவ்வளவு உந்தினாலும்
தேர் நகர்வதுபோல் நகரும்.
ஆனாலும் ஒன்று தெரிந்துகொண்டேன்:
பாரம் மெதுவாகத்தான் எழுகிறது,
நான் மெதுவாக எழுப்பவில்லை.
வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு
இரண்டும் ஒன்று.
என் நரம்புக்குத் தெரியும் வித்தியாசம்.

பதினோரு வாரம் கழித்து
முப்பத்தொரு படம்.
எப்சிபாவே டேப் பிடித்தாள்:
ஐந்து நாற்பது.
ஒரு முழத்தில் நாலு விரல் குறைந்திருக்கிறது.
பெருமைப்பட ஒன்றுமில்லை என்று
வீடு வரை சொல்லிக்கொண்டே வந்தேன்,
இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்
இறங்கினேன்.

அடுத்த திங்கள்
ஜிம் கதவைத் தள்ளினால்
எப்சிபா.
எழுபது கிலோவுக்குக் கீழே
உதட்டைக் கடித்துக்கொண்டு
நாலு எண்ணி இறங்குகிறாள்.

'உன்கிட்ட நோட்டாவது இருந்துச்சு.
நான் வெறும் சில்லறையக்
குலுக்கிட்டுத் திரியுறேன்' என்றாள்,
மூச்சு வாங்க.

சுவருக்கு அந்தப் பக்கம்
மத்திக்கான பனிக்கட்டி
நொறுங்கிக்கொண்டிருந்தது.
அவள் அதைத் தாளமாக எடுத்துக்கொண்டாள்.
நான் சொல்லவில்லை.